வோல்ட்டும் ஆம்பியரும் சரி, விடை மட்டும் ஏன் தப்பு? மின்தடை, மின்திறன் கணக்கில் வரும் கோளாறுகள்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். பள்ளியில் ஒரே வகுப்பில் முடிந்துபோகிற பாடம். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்து, உண்மையான ஒரு பொருளை அளந்து, வந்த எண்களைப் போட்டுப் பார்க்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. 60 வாட் என்று அச்சிட்ட குண்டு பல்பு கணக்கில் 800 வாட்டைத் தாண்டுகிறது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர் (மின்தடையம்) ஒன்று 240 வாட் தின்பதாக விடை வருகிறது. சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், அது சரியாகத்தான் இருக்கிறது.

சூத்திரத்தில் தப்பு இருப்பது அபூர்வம். அதில் போட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் தப்பு இருக்கும். வோல்ட்டை ஓரிடத்தில் அளந்திருப்போம், ஆம்பியரை இன்னோரிடத்தில். அல்லது ஒன்றைப் பொருள் ஓடும்போதும் மற்றொன்றை நிறுத்திய பிறகும் எடுத்திருப்போம். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் முதலில் ஒரு கேள்வி: இந்த வோல்ட்டும் இந்த ஆம்பியரும் ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில் உரியவைதானா?

கைக்கு அருகில் இருக்கட்டும் என்று நான்கு சூத்திரங்களையும் எழுதி வைக்கிறேன்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை

கடைசி இரண்டும் தனிச் சூத்திரங்கள் அல்ல. முதல் இரண்டைச் சேர்த்தாலே கிடைத்துவிடும். கோளாறுகள் அதிகம் பிறப்பதும் அந்த இரண்டில்தான், ஏனென்றால் அங்கே போடும் தப்பு எண் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது.

## விடை ஆயிரம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு விலகி நிற்கிறது

இது மில்லியின் வேலை. ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே 12 வோல்ட், அதன் வழியே 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 20 என்பதை அப்படியே ஆம்பியராகப் போட்டால் தடை 0.6 ஓம், திறன் 240 வாட். உண்மையில் 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர், தடை 600 ஓம், திறன் 0.24 வாட். 240 வாட் ஒரு சின்ன ரெசிஸ்டருக்குள் இறங்கினால் அது கண்மூடித் திறப்பதற்குள் புகைந்திருக்கும். உங்கள் ரெசிஸ்டர் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது என்பதே விடை தப்பு என்பதற்குச் சாட்சி.

வர்க்கம் வரும் சூத்திரத்தில் இதே தவறு இன்னும் மோசமாகும். 20 × 20 × 600 என்று போட்டால் 2,40,000 வாட். பத்து லட்சம் மடங்கு தப்பு. ஆகவே விடை ஆயிரம் மடங்கு விலகினால் அலகை ஒரு முறை தவறவிட்டிருக்கிறீர்கள். பத்து லட்சம் மடங்கு விலகினால் அதே தவறு வர்க்கத்துக்குள் போயிருக்கிறது. எத்தனை பூஜ்யம் கூடியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே தவறு எங்கே என்று தெரிந்துவிடும்.

மாற்றிக்கொண்டே இருப்பது அலுப்பாக இருந்தால் ஒரு குறுக்குவழி: வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓம். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் விடை மில்லிவாட். 12 ÷ 20 = 0.6 கிலோ ஓம், 12 × 20 = 240 மில்லிவாட். எலக்ட்ரானிக்ஸ் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மனக்கணக்குப் போடுகிறார்கள்.

தானாகவே அளவெல்லையை மாற்றிக்கொள்ளும் மீட்டராக இருந்தால் திரையின் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தையும் பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுதிக்கொள்வதுதான் வழக்கமான சறுக்கல். அதிலும் சின்ன எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா. இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

## மீட்டரில் ஆம்பியரே வரவில்லை

பொருள் ஓடுகிறது, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. அல்லது மீட்டரை இணைத்ததும் பொருளே நின்றுவிடுகிறது.

இரண்டாவது நிலையை முதலில் பார்த்துவிடலாம். ஆம்பியர் அளக்க மீட்டரை மின்னோட்டத்தின் பாதைக்குள் தொடராக நுழைக்க வேண்டும். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருந்தால் பாதை அங்கேயே அறுந்துவிடுகிறது, பொருள் நின்றுவிடுகிறது. ஃபியூஸ் ஏன் போயிற்று? அநேகமாக யாரோ ஆம்பியர் துளையில் புரோபை (மீட்டரின் அளக்கும் கம்பியை) செருகியபடியே வோல்ட் பார்க்கப் போயிருப்பார்கள். ஆம்பியர் துளைக்குள் இருப்பது கிட்டத்தட்ட ஒரு கம்பி. அதை நேரே மின் மூலத்தின் இரு முனைகளில் வைத்தால் ஷார்ட். என்னுடைய முதல் மீட்டரின் ஃபியூஸ் இப்படித்தான் போனது, அதுவும் வாங்கிய அன்றே. அப்புறம் ஒரு வாரம் எல்லாப் பொருளுக்கும் மின்னோட்டம் பூஜ்யம் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஃபியூஸைச் சோதிக்கப் பல மீட்டர்களில் மூடியைத் திறக்கவே வேண்டாம். டையலை ஓமுக்குத் திருப்பி, சிவப்பு புரோபின் செருகியை வோல்ட்-ஓம் துளையில் வைத்துக்கொண்டு, அதன் முனையை ஆம்பியர் துளைக்குள் விட்டுப் பாருங்கள். ஏதாவது ஓர் எண் வந்தால் ஃபியூஸ் உயிரோடு இருக்கிறது. புரோப் எதையும் தொடாதபோது வரும் குறியே வந்தால் போய்விட்டது. புதிதாகப் போடும்போது அதே அளவு, அதே வகை ஃபியூஸ்தான் போட வேண்டும். வெறும் கம்பியைச் சுற்றிச் சமாளித்தால் அடுத்த முறை வெடிப்பது மீட்டராக இருக்கும்.

பொருள் ஓடிக்கொண்டே இருக்க, கம்பியை அறுக்காமல் வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா? இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறீர்கள். ஒன்றில் போவதும் மற்றொன்றில் திரும்புவதும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒரே ஒரு கம்பியைக் கவ்வ வேண்டும். இன்னொன்று, சாதாரண கிளாம்ப் மீட்டர் மாறுதிசை மின்னோட்டத்தை மட்டும்தான் பார்க்கும். பேட்டரிச் சுற்றில் அதை வைத்துவிட்டுப் பூஜ்யம் என்று வருத்தப்படக் கூடாது.

## எல்இடி மங்கலாக எரிகிறது, அல்லது அதன் ரெசிஸ்டர் கொதிக்கிறது

எந்த வோல்ட் என்ற கேள்வி பளிச்சென்று தெரியும் இடம் இது. 5 வோல்ட் மூலம், வெள்ளை எல்இடி, 20 மில்லி ஆம்பியர் வேண்டும். புதியவர் போடும் கணக்கு: 5 ÷ 0.02 = 250 ஓம். இணைத்துப் பார்த்தால் எல்இடி சோகையாக எரிகிறது.

அந்த 5 வோல்ட் முழுவதும் ரெசிஸ்டருக்குக் கிடைப்பதில்லை. வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3.2 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1.8 வோல்ட்தான். 1.8 ÷ 0.02 = 90 ஓம். 250 ஓம் போட்டதால் ஓடியது 1.8 ÷ 250, அதாவது 7 மில்லி ஆம்பியர் சொச்சம். மங்கலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இப்போது மறுபக்கம். 12 வோல்ட் மூலம், 2 வோல்ட் எடுக்கும் சிவப்பு எல்இடி, அதே 20 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டருக்கு 10 வோல்ட். தடை 500 ஓம். கடைகளில் கிடைக்கும் மதிப்பு வரிசையில் 500 இருக்காது. 470, 510, 560 இருக்கும். சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள், வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. திறன் 10 × 0.02 = 0.2 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்தானே என்றால் தாங்கும், ஆனால் தன் எல்லையில் ஐந்தில் நான்கு பங்கை எப்போதும் சுமந்துகொண்டிருக்கும். தொட்டால் சுடும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் இருந்தால் இன்னும் மோசம். அரை வாட் போட்டுவிடுங்கள். கணக்கில் வரும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரை எடுப்பது நல்ல பழக்கம்.

இன்னொரு விஷயம்: எல்இடியின் வோல்ட்டை அதன் ஆம்பியரால் வகுத்து எல்இடியின் தடை 100 ஓம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த எண் அந்த ஒரு நொடிக்கு மட்டும் உண்மை. வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினாலே மின்னோட்டம் பல மடங்கு எகிறும், 100 ஓம் காணாமல் போய்விடும். டயோடு வகை எதற்குமே இது பொருந்தும். வாட் கணக்கு மட்டும் அங்கேயும் சரியாக வரும், ஏனென்றால் வோல்ட் பெருக்கல் ஆம்பியர் எந்தப் பொருளுக்கும் அந்த நொடியின் திறன்தான்.

## மீட்டர் காட்டும் ஓம் ஒன்று, கணக்கில் வரும் ஓம் இன்னொன்று

எனக்குப் பிடித்த கோளாறு இது. குண்டு பல்பில்தான் இது அழகாகத் தெரியும்.

230 வோல்ட்டுக்கான 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து அளந்தால் 60 முதல் 70 ஓம் வரை ஏதோ ஒன்று வரும். 65 என்று வைத்துக்கொள்வோம். 230 × 230 ÷ 65 என்று போட்டால் 814 வாட். தொடக்கத்தில் சொன்ன 800 வாட் பல்பு இதுதான். மறுபக்கம், பல்பு எரியும்போது ஓடும் மின்னோட்டம் 0.26 ஆம்பியர், 230 ÷ 0.26 என்றால் கிட்டத்தட்ட 885 ஓம். எது சரி?

இரண்டும் சரி. ஒன்று குளிர்ந்த இழையின் தடை, மற்றொன்று எரியும் இழையின் தடை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது, தடையும் பத்துப் பதினைந்து மடங்கு ஏறிவிடுகிறது. ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் தன் நூலை வெளியிட்டபோது சொன்ன விதி, வெப்பநிலை மாறாத வரைக்கும்தான் செல்லும். நாம் அந்த நிபந்தனையை மறந்துவிட்டு, குளிர்ந்த தடையை எடுத்துக்கொண்டு போய் எரியும் வோல்ட்டோடு கட்டிவைக்கிறோம். ஒரே பொருள்தான், ஆனால் ஒரே நேரம் இல்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு பயனும் உண்டு. சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் இழை குளிர்ந்துதான் இருக்கிறது. அப்போது அந்தப் பல்பு 230 ÷ 65, அதாவது மூன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். கண நேரத்தில் சூடேறிக் கால் ஆம்பியருக்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, சுவிட்ச் போடும்போதே படாரென்று போவது அதனால்தான்.

எல்லாப் பொருளும் இப்படி ஆடாது. ஹீட்டர் காயிலில் இருக்கும் நிக்ரோம் வெப்பத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. 1000 வாட், 230 வோல்ட் ஹீட்டருக்குக் கணக்குப்படி 52.9 ஓம், குளிர்ந்த நிலையில் மீட்டரில் அளந்தால் சில ஓம் குறைவாக வரும், அவ்வளவுதான். காயில் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஹீட்டருக்கு மீட்டரின் ஓம் அளவு போதும். குண்டு பல்புக்கு, இழை அறுந்ததா இல்லையா என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது.

மோட்டார் இன்னொரு கதை. சின்ன 12 வோல்ட் மோட்டார் ஒன்றின் காயில் 3 ஓம் என்று மீட்டர் சொல்கிறது. அப்படியானால் 4 ஆம்பியர் ஓட வேண்டும். சும்மா சுற்றவிட்டு அளந்தால் 0.4 ஆம்பியர்தான். 12 ÷ 0.4 = 30 ஓம். மீதி 27 ஓம் எங்கிருந்து வந்தது?

அப்படி ஒரு தடை இல்லவே இல்லை. சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. காயிலுக்கு மிஞ்சுவது 3 × 0.4 = 1.2 வோல்ட்தான். உள்ளே போகும் திறன் 12 × 0.4 = 4.8 வாட். அதில் காயிலில் வெப்பமாவது 0.4 × 0.4 × 3 = 0.48 வாட். மீதி சுழற்சிக்கும் உராய்வுக்கும் போகிறது. இப்போது அச்சைக் கையால் பிடித்து நிறுத்தினால் எதிர் மின்னழுத்தம் போய்விடும்; 4 ஆம்பியர் பாயும்; 48 வாட்டும் வெப்பம். சிக்கிக்கொண்ட மோட்டாரில் கருகல் வாடை வருவது ஏன் என்று இந்த மூன்று பெருக்கலே சொல்லிவிடும்.

இவை எதுவும் இல்லாத வெறும் ரெசிஸ்டர்தான், ஆனாலும் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்றால், அதை மின்சுற்றிலிருந்து கழற்றாமல் அளந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் மற்ற பாதைகளும் சேர்ந்து விடை குறையும். ரெசிஸ்டரின் ஒரு பக்கக் கம்பியையாவது தூக்கிவிட்டு அளக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஓம் பார்ப்பது கூடவே கூடாது. கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்னூட்டமும் அதில் சேர்த்தி.

## வாட் கணக்கு, பொருளின் மேல் எழுதியிருப்பதோடு ஒட்டவில்லை

முதலில் சுலபமானது. 1000 வாட் ஹீட்டர் 810 வாட்தான் தருகிறது என்றால் ஹீட்டரைத் திட்டாதீர்கள், வோல்ட்டைப் பாருங்கள். 230-க்குப் பதில் 207 வோல்ட் வந்துகொண்டிருக்கும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் தடை மாறாத பொருளில் மின்னோட்டமும் 10 சதவீதம் குறையும், திறன் 0.9 × 0.9 = 0.81 பங்காகிவிடும். பாதி வோல்ட்டில் கால் பங்குதான், 250 வாட். பாதி வோல்ட்டுக்குப் பாதி வாட் என்று மனசு சொல்வதை நம்பாதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மின்விசிறி ஒன்றுக்கு 230 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று வருகிறது. பெருக்கினால் 115. ஆனால் பெட்டியில் 70 வாட் என்று போட்டிருக்கிறது. பொய்யா?

பொய் இல்லை. காயில் இருக்கும் பொருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வரும். இரண்டும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எடுத்ததில் ஒரு பகுதியைப் பொருள் மூலத்துக்கே திருப்பித் தந்துவிடுகிறது. 115 என்பது வோல்ட் ஆம்பியர். உண்மையில் செலவானது 70 வாட். இரண்டின் விகிதம் 0.61, இதைத்தான் திறன் காரணி என்கிறோம். கம்பியின் தடிமனையும் ஃபியூஸையும் தீர்மானிக்க அந்த 0.5 ஆம்பியரைப் பாருங்கள். மின் செலவைக் கணக்கிட 70 வாட்டைப் பாருங்கள். இங்கேயும் 230 ÷ 0.5 = 460 ஓம் என்பதைத் தடை என்று சொல்லிவிடக் கூடாது. அது மின்மறுப்பு. தடை அதற்குள் ஒரு பகுதி மட்டும்தான்.

மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர் போன்றவற்றில் சிக்கல் வேறு மாதிரி. அவை மின்னோட்டத்தைச் சீரான அலையாக எடுக்காமல் விட்டுவிட்டுத் துண்டு துண்டாக இழுக்கின்றன. சாதாரண மீட்டர் சராசரியை அளந்து, சைன் அலை என்று நம்பிக்கொண்டு 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அலை வடிவம் கெட்டுவிட்டால் அந்தப் பெருக்கலும் கெட்டுவிடும். இதற்கு, அலை எந்த வடிவில் இருந்தாலும் திறன் கணக்குக்கு உரிய மதிப்பைச் சரியாகக் காட்டும் உண்மை ஆர்எம்எஸ் மீட்டர் வேண்டும். அதைவிட, பிளக்கில் செருகி நடுவே வைக்கும் வாட் மீட்டர் ஒன்று இருந்தால் வோல்ட், ஆம்பியர், வாட், திறன் காரணி நான்கையும் அதுவே காட்டிவிடும். வீட்டு மின்சாரத்தில் கம்பியைத் திறந்துவைத்து அளந்து பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே வழியும் அதுதான்.

அலை வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்துவிட்டு 325 வோல்ட் என்று பதறுபவர்களுக்கு: அது உச்ச மதிப்பு. 1.414-ஆல் வகுத்தால் 230 வந்துவிடும். திறன் கணக்குக்கு அந்த 230-தான் வேண்டும்.

## பேட்டரியில் மட்டும் கணக்கு எப்போதும் குறைகிறது

பேட்டரியைத் தனியாக அளந்தால் 12.6 வோல்ட். 2.4 ஓம் லோடு (மின்சாரத்தை எடுக்கும் பொருள்) போட்டால் 5.25 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடுவது 5 ஆம்பியர்.

லோடு இணைந்திருக்கும்போதே பேட்டரி முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். 12.0 என்று இருக்கும். 12.0 ÷ 2.4 = 5. கணக்கு நேராகிவிட்டது. காணாமல் போன 0.6 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிட்டது. 0.6 ÷ 5 = 0.12 ஓம், அதுதான் பேட்டரியின் அகத்தடை. 0.6 × 5 = 3 வாட் பேட்டரியையே சூடாக்குகிறது. பேட்டரி பழசாக ஆக அகத்தடை ஏறும். அதனால்தான் தனியாக அளந்தால் நல்ல வோல்ட் காட்டுகிற பேட்டரி, லோடு கொடுத்ததும் படுத்துவிடுகிறது.

இதில் மாட்டியவர் சாதாரண ஆள் இல்லை, ஓமேதான். 1825-இல் அவர் வோல்ட்டா வகைப் பேட்டரிகளை வைத்துச் சோதனை செய்தார். பேட்டரி ஆடிக்கொண்டே இருந்ததால் மடக்கை வடிவத்தில் ஒரு தவறான சூத்திரத்தை வெளியிட்டார். பிறகு போகண்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப இரட்டையை, அதாவது இரு சந்திகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் மின்னழுத்தம் தரும் அமைப்பை, பயன்படுத்தினார். ஒரு சந்தி கொதிக்கும் நீரில், இன்னொன்று பனிக்கட்டியில். மின்னழுத்தம் அசையாமல் நின்றது, நாம் இன்று படிக்கும் எளிய விதி கிடைத்தது. லோடு இல்லாதபோது எடுத்த வோல்ட்டை லோடு இருக்கும்போது எடுத்த ஆம்பியரோடு சேர்த்துவிட்டால், வெட்கப்பட ஒன்றுமில்லை.

## மிகச் சிறிய தடையும் மிகப் பெரிய தடையும்

மீட்டரின் இரண்டு புரோப்களையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அது புரோப் கம்பிகளின் தடை. 0.1 ஓம் பொருளை அந்த மீட்டரால் அளப்பது, லாரி எடைமேடையில் தங்க மோதிரத்தை நிறுப்பது போலத்தான். வோல்ட்டும் ஆம்பியரும் இங்கேதான் கைகொடுக்கும். பொருளின் வழியே 1 ஆம்பியர் செலுத்துங்கள்; அதன் இரு முனைகளிலும், மின்னோட்டக் கம்பி இணையும் இடத்துக்கு உட்பக்கமாக, தனியான இரு புரோப்களால் வோல்ட்டைப் பாருங்கள். 100 மில்லிவோல்ட் வந்தால் 0.1 ஓம். வோல்ட் பார்க்கும் புரோப்களில் மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லாததால் அவற்றின் தடை கணக்கில் வராது.

பெரிய தடையில் குற்றவாளி மாறுகிறது. வோல்ட் அளக்கும் நிலையில் டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே அதை வைத்தால், 9 வோல்ட்டுக்கு ரெசிஸ்டர் வழியே 9 மைக்ரோ ஆம்பியர், மீட்டர் வழியே 0.9 மைக்ரோ ஆம்பியர் ஓடும். ஆம்பியர் மீட்டர் 9.9 என்று சேர்த்துக் காட்டும். விடை 909 கிலோ ஓம். அங்கே வோல்ட் மீட்டரை, ரெசிஸ்டர், ஆம்பியர் மீட்டர் இரண்டுக்கும் சேர்த்து வெளிப்பக்கம் வைத்தால் சரியாகிவிடும். சிறிய தடைக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: வோல்ட் மீட்டர் பொருளின் மேலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆம்பியர் மீட்டரின் சொந்தத் தடையும் விடையில் ஏறிக்கொள்ளும்.

## கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகவில்லை

இது கோளாறே இல்லை. தங்க வளையம் போட்ட ரெசிஸ்டர் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. 470 ஓம் என்றால் 447 முதல் 493 வரை எதுவும் சரிதான். மீட்டரிலும் வோல்ட்டுக்கு 1 சதவீதம், ஆம்பியருக்கு 2 சதவீதம் பிழை இருந்தால் விடையில் 3 சதவீதம் வரை போகலாம். கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டுகிறது என்பதற்காக எட்டையும் எழுத வேண்டியதில்லை.

## பிளக் சூடாகிறது, கணக்கு ஒன்றும் சொல்லவில்லை

10 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பிளக்கைத் தொட முடியவில்லை. லூஸ் கான்டாக்ட் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சூடு என்று கணக்குப் போடப் போய்த்தான் குழம்புகிறார்கள். தளர்ந்த முனையில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு 230 × 230 ÷ 0.5 என்று போட்டால் 1,05,800 வாட். வீடே எரிந்திருக்க வேண்டும்.

அந்த 230 வோல்ட் அரை ஓமுக்கு உரியது இல்லை. ஏறக்குறைய முழுவதும் ஹீட்டரில்தான் விழுகிறது. தளர்ந்த முனையைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது மின்னோட்டம் மட்டும்தான், ஏனென்றால் தொடரில் எல்லா இடத்திலும் அது ஒன்றே. ஆகவே மின்னோட்டம் வரும் சூத்திரத்தைத்தான் எடுக்க வேண்டும்: 10 × 10 × 0.5 = 50 வாட். ஜூல் 1841-இல் வெளியிட்ட வெப்ப விதியும் இதுதான். சால்டரிங் அயர்ன் ஒன்றுக்கு நிகரான வெப்பம், பிளக்கின் பிளாஸ்டிக்குக்குள். ஹீட்டருக்கு நஷ்டம் வெறும் 5 வோல்ட். அதனால்தான் அது எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கிறது.

நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பிக்கும் இதே வழி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். 20 மீட்டர் கம்பியில் மின்சாரம் போக 20, வர 20. திரும்பி வரும் பாதையைச் சேர்க்க மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. 40 மீட்டருக்கு 0.48 ஓம், 10 ஆம்பியரில் 4.8 வோல்ட், 48 வாட். கிட்டத்தட்ட அந்தப் பிளக்கின் வெப்பமேதான், ஆனால் 20 மீட்டர் நீளத்துக்கும் பரவிவிடுவதால் கம்பி லேசாக வெதுவெதுக்கும், அவ்வளவே. அதே கம்பியைச் சுருட்டிய சுருளாகவே வைத்துப் பயன்படுத்தினால் அந்த வெப்பம் வெளியேற வழி இருக்காது. முழுதாகப் பிரித்துவிட்டுத்தான் ஹீட்டரை மாட்ட வேண்டும். பிளக்குக்கு, மெயினை அணைத்துவிட்டுத் திருகை இறுக்க வேண்டும். பித்தளை முனை கருத்திருந்தால் பிளக்கையே மாற்ற வேண்டும், சாக்கெட்டின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.